ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் போட்ட கட்டு

போன இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், எங்கள் வீட்டில் ஒரு சின்ன மோட்டார் மூன்று வாரம் ராப்பகலாக ஓடியது. அப்பாவின் கால் புண்ணுக்காக. அப்பாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை, சுகர் பதினைந்து வருஷமாக உண்டு. தோட்டத்தில் உடைந்து கிடந்த சிரட்டை உள்ளங்காலில் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. திண்ணையில் ரத்தத் தடத்தைப் பார்த்து அம்மாதான் அலறினார். ஒரு மாதத்துக்குள் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அழுகின சதையை வெட்டிச் சுத்தம் பண்ணியபின் மிஞ்சிய குழியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கலாம்.

டாக்டர் ‘வேக்’ போடலாம் என்றார், மோட்டார் வைத்துப் புண்ணை உறிஞ்சும் கட்டு அது. கறுப்பு ஸ்பாஞ்சைப் புண் அளவுக்குக் கத்தரித்து உள்ளே வைத்து, மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை ஒட்டி, அதில் ஓட்டை போட்டுக் குழாயைப் பொருத்தினார்கள். சுவிட்சைப் போட்டதும் ஸ்பாஞ்ச் உலர்ந்த திராட்சை மாதிரி சுருங்கியது. அப்படிச் சுருங்கி இருந்தால்தான் காற்று ஒழுகவில்லை என்று அர்த்தமாம், நர்ஸ் அக்கா சொல்லித் தந்தார். 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அது உறிஞ்சும். ஊறும் நீரை வெளியே இழுக்கும், வீக்கத்தைக் குறைக்கும், புண்ணின் ஓரங்களை உள்ளே இழுத்துச் சேர்க்கும். அமெரிக்காவில் அர்ஜென்டா, மொரிக்வாஸ் என்ற இருவர் 1997-ல் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு உலகமெங்கும் பரவிய முறை இது. இரண்டாவது தடவை கட்டுப் பிரித்தபோது குழியின் அடியில் மாதுளை முத்து மாதிரி செக்கச்செவேலென்று புதுச் சதை பொடித்திருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். அதனால் இந்த மோட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் அது ஆஸ்பத்திரி வார்டை நினைத்துச் செய்த பொருள். வீட்டுக்குக் கொண்டுவந்த நாலாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தது. நம் ஊர்ப் புழுக்கம் தெரியும்தானே, வேர்வையில் குதிகால் பக்கத்து ஒட்டு விட்டுப்போயிருந்தது. திரையில் ‘லீக்’ என்று இங்கிலீஷில் எழுத்து. அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அப்பா, “மக்ளே, இதைக் கொஞ்சம் அணைச்சிப் போடு, பக்கத்து வீட்டுக்காரங்க உறங்கட்டும்” என்றார். நான் காதை வைத்துக் கேட்டு, ‘ஸ்ஸ்’ என்று வந்த இடத்தை விரலால் அமுக்கிப் பிடித்து, மேலே இன்னொரு துண்டு ஒட்டினேன்.

மறுவாரம் ரப்பர் கொம்பு முறிந்து லைனில் விழுந்து கரண்ட் போனது. பேட்டரியும் தீர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டார் நின்றால் ஸ்பாஞ்சை உள்ளே விடக்கூடாது, எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டுப் போட வேண்டும் என்பது விதி. டார்ச் வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 2017 ஒக்கிப் புயலின்போது நாள்கணக்கில் இருட்டில் கிடந்த ஊர்கள்தான் நினைவுக்கு வந்தன.

இப்போது கட்டுக்குள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் வைக்கிறார்கள். 2022-ல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் செய்த கட்டு புண்ணின் வெப்பத்தையும் மின்தடையையும் அளந்து, தேவைப்பட்டால் லேசான மின்சாரமும் கொடுக்கும். எலிகளில் சோதித்தார்கள். நல்ல வேலை, நடக்கட்டும். ஆனால் அந்த அறிவு யாருக்குச் சேதி சொல்லப் போகிறது என்பதுதான் என் கேள்வி. டாக்டரின் போனுக்கு கிராஃப் போனால் போதுமா? ராத்திரி காலடியில் உட்கார்ந்திருப்பது வீட்டுக்காரர்கள். 2009-ல் அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ இந்த உறிஞ்சு கருவிகளைப் பற்றி எச்சரித்தது. இரண்டு வருஷத்தில் 6 சாவு, 77 காயம். ரத்தப்போக்குதான் அதில் மிகக் கொடியது. சாவுகளில் பெரும்பாலானவை வீட்டிலோ முதியோர் பராமரிப்பு இல்லங்களிலோ நடந்தவை. ஆகவே முதல் சென்சார் ரத்தத்துக்கு இருக்கட்டும். குழாயில் சிவப்பு ஏறினால் மோட்டார் தானாக நின்று, “ரத்தம் வருகிறது, அமுக்கிப் பிடி, ஆஸ்பத்திரிக்குப் போ” என்று தமிழில் பேசட்டும். எந்தப் பக்கம் ஒட்டு விட்டது என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு விளக்கு எரியட்டும். இதெல்லாம் எட்டாத காரியமா?

இன்னொன்று. இரண்டு பென்டார்ச் பேட்டரியில் 7 நாள் ஓடி, அப்புறம் குப்பைக்குப் போகும் பம்ப் வந்திருக்கிறது. குழாயோடு கட்டிப்போடாமல் நடமாட விடும், சரி. ஆனாலும் மோட்டாரை வாரத்துக்கு ஒன்று தூக்கி எறிவது எனக்கு ஒப்பவில்லை. புண்ணில் படும் ஸ்பாஞ்சும் ஒட்டும் குழாயும் ஒவ்வொருவருக்கும் புதிதாக இருக்கட்டும். மோட்டார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவலுக்குக் கிடைக்கட்டும், சக்கர நாற்காலி இரவல் வாங்குகிற மாதிரி. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் சுகர் மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் பையில் இதற்கும் இடம் உண்டு.

மோட்டார் மட்டும் புண்ணை ஆற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செத்த சதையை முதலில் எடுத்தார்கள், காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்பா மூன்று மாதம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவில்லை. பால்வெட்டுக்காரருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

பேச்சிப்பாறை, அருமனை, குளச்சல் பக்கம் வீடுவீடாகக் கட்டு மாற்றப் போகும் நர்ஸ்மார் யாராவது இதை வாசித்தால், மழைக்காலத்தில் ஒட்டு விடாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவின் அம்மாவுக்கு இதே கட்டுப் போட்டிருக்கிறார்கள்.