அந்த நடுக்கத்தை அழிக்காதீங்க

அந்த வீடியோவை நேத்திலிருந்து எட்டு பேர் எனக்கு அனுப்பிட்டீங்க. பார்த்துட்டேன். யாரோ ஒருத்தர் எண்பதுகள்ல வந்த ஒரு படத்தோட ரப்பர் ஜந்துவை எடுத்து ஏஐல போட்டு, தோலையெல்லாம் வழவழன்னு ஆக்கி, "இப்பதான் பாக்குற மாதிரி இருக்கு"ன்னு போட்டிருக்கார். கீழ முழுக்கக் கைதட்டல். நான் எழுதினது ஒரே ஒரு வரி: "இதுல அழிஞ்சது ஒருத்தரோட கைவேலை." அதுக்குத்தான் பூமர், பழைய பஞ்சாங்கம், இன்னும் இங்க எழுத முடியாத நாலு வார்த்தை. சரி, ஒரு வரியில சொன்னது போய்ச் சேரலைன்னா நீளமாவே சொல்லிடறேன்.

பழைய படத்துல அந்த ஜந்து லேசா நடுங்குது இல்லையா, அது கோளாறு இல்ல. அது கை.

1933ல் வந்த கிங் காங் படத்துக் குரங்கு பொம்மையை ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேல முயல் தோல். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பொம்மையை நூல் அளவு நகர்த்தி, ஒரு படம் எடுத்து, மறுபடி நகர்த்துவாங்க. தொட்ட இடத்துல ரோமம் கலையும். அடுத்த ஃபிரேம்ல வேற மாதிரி கலைஞ்சிருக்கும். திரையில ஓடும்போது காத்துல முடி சிலிர்க்கிற மாதிரி தெரியும். அங்க காத்தே கிடையாது. விரல் பட்ட தடம்தான் அது. தொண்ணூறு வருஷம் கழிச்சும் அந்த விரல் தெரியுது. இதைப் போய் "சரி பண்ணணும்"னு ஒருத்தருக்குத் தோணுதுன்னா எனக்கு நிஜமாவே வலிக்குது.

1982ல் வந்த 'தி திங்' படத்துக்கு உருமாறும் ஜந்துக்களைச் செஞ்ச ராப் பாட்டினுக்கு அந்த வேலையைக் கையில எடுத்தப்போ 22 வயசு. ரப்பர், ஜெலட்டின், மயோனைஸ், சோளக்கூழ், உருக்கின பபிள்கம்னு கையில கிடைச்சதை வெச்சு அந்தக் கொடூரத்தைச் செஞ்சார். ஒரு வருஷத்துக்கு மேல லீவே எடுக்காம உழைச்சு, கடைசியில உடம்பு படுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். படம் வந்தப்போ திட்டினாங்க. இன்னைக்கு அதைக் கொண்டாடாத ஆள் இல்லை. அதே கதைக்கு 2011ல் ஒரு முன்கதைப் படம் எடுத்தாங்க. அதுக்கும் கலைஞர்கள் பொம்மை செஞ்சாங்க, செட்ல இயக்கினாங்க, கேமராவுல பதிவும் பண்ணினாங்க. அப்புறம் அதுல பெரும்பகுதி மேல கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் போட்டு மூடிட்டாங்க. நேத்து அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது இதுதான்.

"அப்ப கிராபிக்ஸே வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. நான் எங்க அப்படிச் சொன்னேன்? ஜுராசிக் பார்க்கைத் தியேட்டர்ல வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்த்தவன்தான் நானும். ஆனா அந்தப் படத்துல பொம்மை ஜந்துக்கள் செய்யற ஸ்டான் வின்ஸ்டனோட ஆளுங்க முழு அளவுக்கு ஒரு டி-ரெக்ஸ் டைனோசரைச் செஞ்சு நிறுத்தினாங்க, மறந்துடாதீங்க. மழைக் காட்சியில அதோட ஃபோம் தோல் தண்ணியைக் குடிச்சு, கனம் தாங்காம உடம்பே உதற ஆரம்பிச்சுது. டேக்குக்கு நடுவுல ஆளுங்க துண்டை வெச்சுத் துடைச்சுத் துடைச்சு எடுத்தாங்க.

இன்னொருத்தர், "ஜந்து நிஜமா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, கதைதானே முக்கியம்"னு எழுதியிருந்தார். ஐயா, வேற்றுகிரக ஜந்து வர்ற ஈ.டி. படத்தோட படப்பிடிப்புல, அதுல நடிச்ச ட்ரூ பேரிமோருக்கு ஆறு வயசு. அந்தக் குழந்தை அந்தப் பொம்மையை உசுருள்ளதா நினைச்சு, ஷாட் இல்லாதப்பகூட அதோட பேசிக்கிட்டு இருந்துச்சு. ஈ.டி.யோட கையா க்ளோசப்ல வர்றது ஒரு மைம் கலைஞரோட கை. எதிர்ல ஒண்ணு மூச்சு விட்டுக்கிட்டு நிக்கும்போது கண்ணு பார்க்கிற பார்வை வேற. 1989ல் 'அபூர்வ சகோதரர்கள்'ல கமல் நடிச்ச நம்ம குள்ள அப்புவும் அப்படித்தானே? காலை மடக்கி, முட்டியில ஷூ மாட்டி, சில ஷாட்டுக்குக் குழி தோண்டி எடுத்தாங்க. சுத்தி நின்னு நடிச்சவங்க கண்ணுக்கு முன்னாடி அப்பு இருந்தான். அதனாலதான் நமக்கும் இருந்தான்.

கார்ட்டூனையும் விடலை நம்ம ஆளுங்க. "ஹீ-மேன் கார்ட்டூனே பொம்மை விக்கிற விளம்பரம்தானே, ஓடின ஓட்டத்தையே திரும்பத் திரும்பப் போடுவான்"னு ஒருத்தர். ஆமா, பொம்மை விக்கத்தான் எடுத்தாங்க. ஆமா, காசு மிச்சம் பிடிக்க அதே ஓட்டத்தைப் போட்டாங்க. இருக்கட்டும். அந்த ஓட்டத்தை முதல் தடவை ஒருத்தர் உக்காந்து வரைஞ்சார் இல்லையா? அசையறதையெல்லாம் கண்ணாடி மாதிரி தெரியற 'செல்' தாள்ல வரைஞ்சு, அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் ஒருத்தர் பெயின்ட் அடிச்சார். அசையாத பின்னணியை இன்னொருத்தர் தனியா தீட்டினார். ரெண்டு கலரும் ஒத்துப்போகாது. அதனாலதான் சின்ன வயசுல நானும் அண்ணனும் டிவி முன்னால உக்காந்து, "அந்தப் பாறை மட்டும் வேற கலர்ல இருக்கு பாரு, இப்ப விழும்"னு கத்துவோம். விழும். அண்ணன் என் முதுகுல ஒண்ணு வைப்பான். இப்போ அவன் இல்லை. எப்பவாவது அந்த மாதிரி ஒரு பாறை கண்ல பட்டா, அவன் பக்கத்துல உக்காந்திருக்கான்னு ஒரு நொடி தோணும். இது வெறும் நாஸ்டால்ஜியான்னு கேட்டா, இருந்துட்டுப் போகட்டும். அதுல என்ன கேவலம்?

"கிராபிக்ஸ் பண்றவங்களும் கையாலதானே உழைக்கிறாங்க?" இந்தக் கேள்விக்கு மட்டும் நான் தலை குனியறேன். உண்மை. ராத்திரி பகலா உழைக்கிறாங்க. 2013ல் 'லைஃப் ஆஃப் பை' புலிக்கு ஆஸ்கார் வந்தப்போ, அந்தப் புலியைச் செஞ்ச ரிதம் அண்ட் ஹ்யூஸ் கம்பெனி திவால். அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராட்டம், உள்ளே விருது வாங்கினவர் அதைப் பத்திப் பேச வாயெடுத்தப்போ பாட்டைப் போட்டுப் பேச்சை நிறுத்தினாங்க. நான் அவங்களுக்கு எதிரியா? ரப்பர் செஞ்சவனையும் அழிக்கிறது, கம்ப்யூட்டர்ல செஞ்சவனையும் அழிக்கிறது ஒரே புத்திதான். யார் செஞ்சான்னு தெரியவே கூடாது, வழவழன்னு இருந்தா போதும்னு நினைக்கிற புத்தி.

கடைசியா, எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம்னு கேட்டவங்களுக்கு. போன லீவுல நானும் பொண்ணும் களிமண்ணுல ஒரு பூனை செஞ்சு, போனை ஸ்டாண்டுல நிறுத்தி, பத்து விநாடிப் படம் எடுத்தோம். விநாடிக்கு 12 படம், மொத்தம் 120. விளக்குச் சூட்டுல பூனையோட கழுத்து சரிஞ்சுக்கிட்டே வந்துச்சு, அவ ஒவ்வொரு தடவையும் நிமிர்த்தி வெச்சா. ஓட்டிப் பார்த்தா பூனை கழுத்துல அவ கட்டைவிரல் ரேகை மினுக் மினுக்குன்னு ஓடுது. "அப்பா, நான் தெரியறேன்!"னு குதிச்சா. அதை இங்க போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கும்.

நேத்து ராத்திரி ஒருத்தர் இன்பாக்ஸ்ல வந்து, "சார், கோவிச்சுக்காதீங்க, உங்க பொண்ணோட பூனை வீடியோவையும் அனுப்புங்க, அந்தக் கைரேகையெல்லாம் எடுத்துட்டு சூப்பரா பண்ணித் தரேன்"னு கேட்டிருக்கார். நல்ல மனசோடதான் கேட்டிருக்கார், தெரியுது.

அனுப்ப மாட்டேன் தம்பி.