பண்டாராயா மீனை ஏரியில் விட்டவன் நான்தான்

பத்து வருடத்துக்கு முன் கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு கடையில் ஆறு வெள்ளி கொடுத்து ஒரு பண்டாராயா மீன் வாங்கினேன். விரல் நீளம்தான் இருந்தது. தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று துப்புரவு செய்வதால், மலாயில் மாநகராட்சியைக் குறிக்கும் 'பண்டாராயா' என்ற பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். மாநகராட்சிக்கு இது பெருமையா என்று தெரியவில்லை.

மூன்றாவது வருடம் அது முழங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. ராத்திரியெல்லாம் தொட்டியைக் கலக்கும், தங்கமீன்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும். "கொன்னுடாதடா, பாவம்" என்றார் அம்மா. சரி என்று வாளியில் போட்டு தித்திவங்சா ஏரிக்குக் கொண்டுபோய் விட்டேன். புண்ணியம் சேர்த்த திருப்தியில் ரொட்டி சானாய் வேறு சாப்பிட்டேன்.

அந்த மீனின் ஊர் தென் அமெரிக்கா. உடம்பெல்லாம் கவசம் மாதிரி தகடு. அதனால் இங்கே அதை விழுங்கத் துணியும் மீன் குறைவு. தண்ணீரில் பிராணவாயு இல்லாவிட்டால் மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசிக்கும். கிள்ளான் ஆற்றுச் சாக்கடைத் தண்ணீரிலும் அது பிழைப்பது இப்படித்தான். முட்டையிட ஆண் மீன் கரையில் வளை தோண்டும், அதில் மண் சரியும். லங்காட் ஆற்றில் இப்போது இளைஞர்கள் கூடி வலை வீசி, இதைச் சாக்குச் சாக்காகப் பிடித்து அகற்றுகிறார்கள். நான் சேர்த்த புண்ணியத்துக்கு அவர்கள் வியர்வை சிந்துகிறார்கள்.

மீனை விட்டவனைத் திட்டுவது சுலபம், என்னையும் திட்டலாம். ஆனால் விரல் நீளத்தில் விற்றவர், அது ஒன்றரை அடி வரும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் 'வளர்ந்தால் இவ்வளவு' என்று எழுதிவைக்க என்ன செலவு? சிவப்புக் காது ஆமையும் இதே கதைதான். காசு அளவில் வாங்குகிறோம், தட்டு அளவுக்கு வந்ததும் குளத்தைத் தேடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஆமையின் இறக்குமதியை 1997-லேயே நிறுத்திவிட்டது.

போன மாதம் அக்கா மகளோடு வேறொரு கடைக்குப் போனேன். சிவப்பு வால் கெளுத்திக் குஞ்சு ஒன்றைக் காட்டி அடம்பிடித்தாள். "எவ்வளவு பெருசாகும் அண்ணே?" என்று கேட்டேன். "தொட்டி அளவுக்குத்தான் வளரும் தம்பி" என்றார், கூசாமல். ஒரு மீட்டரைத் தாண்டும் மீன் அது! சின்னத் தொட்டியில் போட்டால் உடம்பு கோணி நோயில் விழும், அவ்வளவுதான்.

அவள் கையிலிருந்த பையைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு தனிக்கதை. கடைசியில் நாலு கப்பி மீனுக்குச் சம்மதித்தாள். கப்பியும் அயல் மீன்தான், தெரியும். குட்டி போட்டுப் பெருகினால் என்ன செய்வது என்று அக்கா இப்போதே கேட்கிறாள்.