அந்த 85 சதவீதம் எங்கிருந்து வந்தது?
"ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் எந்த டிசைனிலும் 85% குறைகள் சிக்கிவிடும், அதற்கு மேல் வீண்செலவு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செயலியையோ இணையதளத்தையோ பயனர்களிடம் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் சோதனையைத்தான் சொல்கிறார். பாதிதான் சரி.

அந்த 85%, இத்தகைய சோதனைகளை ஆராய்ந்த நீல்சனும் லாண்டவரும் 1993-ல் தந்த கணக்கு. ஒரு குறை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31% என்று வைத்துக்கொண்டால்தான் ஐந்து பேரில் 85% வரும். அதே வாய்ப்பு 10% என்றால்? ஐந்து பேர் காட்டுவது 41%தான். ரயில் டிக்கெட் எடுக்கும் செயலியில் வயதானவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இந்த ரகம். நாம் கூப்பிடும் ஐந்து பேரும் பெரும்பாலும் பக்கத்து டேபிள் ஆட்கள்தானே!

2003-ல் ஃபாக்னர் என்ற ஆய்வாளர் 60 பேரைச் சோதித்து, அதிலிருந்து ஐந்தைந்து பேராக எடுத்துப் பார்த்தார். சராசரி 85-ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் சில குழுக்களுக்கு 55% மட்டுமே கிடைத்தது.

நீல்சன் சொன்னதும் 'ஐந்தோடு நிறுத்து' என்பதல்ல. 15 பேருக்குக் காசிருந்தால் மூன்று சுற்றாகப் பிரி, நடுவில் திருத்து என்பதுதான். இரண்டு டிசைன்களில் எது வேகமானது என்று எண்ணில் ஒப்பிட வேண்டுமென்றால், அது வேறு சோதனை. அதற்கு ஐந்து பேர் போதவே போதாது.