ரெண்டும் தெரிந்தவனுக்கு எந்த இடம்?

அக்கா மகன் போன வாரம் ஒரு ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். பதினாலு வயசுப் பசங்களுக்கான செலக்‌ஷனாம். பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிவிட்டான். கீழே மூன்று கட்டம்: பேட்ஸ்மேன், பவுலர், ரெண்டும் செய்கிற ஆல்ரவுண்டர். "மாமா, மூணாவதுல டிக் போட்டுடவா?" என்றான். "இருடா, சொல்றேன்" என்றேன். ரெண்டு நாளாக மண்டைக்குள் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலக்கோடு பக்கம். மழை பொய்த்த வருஷமெல்லாம் எங்கள் கிரிக்கெட்டுக்கு நல்ல வருஷம். ஏரி வற்றினால் அதுதான் கிரவுண்ட். (அப்பா காதில் விழுந்தால் அடிப்பார்.) பதினைந்து வருஷம் ஊர் டீமில் டென்னிஸ் பால் ஆடினேன், ஆல்ரவுண்டராக. கேப்டன் அண்ணன் தக்காளி மண்டிச் சீட்டின் பின்பக்கம் டீம் எழுதுவார். மேலே ஆறு பேட்ஸ்மேன், நம்பர் போட்டு. கீழே நாலு பவுலர். நடுவில் என் பெயர் மட்டும் நம்பர் இல்லாமல் கிடக்கும். "உனக்கென்னடா, எங்க வேணா இறங்குவ" என்பார். அதைப் பாராட்டு என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு ஞாபகம் வருகிற ஆள், இந்தியாவுக்கு ஆடிய தமிழ்நாட்டு ஆல்ரவுண்டர் விஜய் சங்கர். கபில் தேவ் இல்லை. டெஸ்டில் 5248 ரன், 434 விக்கெட் எடுத்த மனுஷனை வைத்து ஆல்ரவுண்டர் பிழைப்பைப் பேசுவது, அம்பானியை வைத்து மளிகைக்கடை வியாபாரம் பேசுகிற மாதிரி.

விஜய் சங்கர் முதலில் ஆஃப் ஸ்பின் போட்டவர். தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு ஸ்பின்னர் மேல்தான் விழ வேண்டும். அதனால் மீடியம் பேஸுக்கு மாறினார். டீமில் எங்கே காலியிடம் இருக்கிறதோ அதற்கேற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொள்வது, இந்தப் பிழைப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

2018ல் பங்களாதேஷோடு நடந்த நிதஹாஸ் டிராபி ஃபைனல் எல்லோருக்கும் தெரியும். தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் சிக்ஸர். அதற்கு முந்தி முஸ்தஃபிசுர் ஓவரில் விஜய் சங்கர் பந்தைத் தொடவே முடியாமல் தவித்ததும் தெரியும். 19 பந்தில் 17. கடைசி ஓவரில் அவர் ஒரு ஃபோர் அடித்தாரே, அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அடுத்த வருஷம் மார்ச்சில் நாக்பூர், ஆஸ்திரேலியாவோடு. 41 பந்தில் 46 அடித்து நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். கோலி நேராக அடித்த பந்து பவுலர் ஜாம்பா விரலில் பட்டு எதிர்ப்பக்க ஸ்டம்பில் விழுந்தது. கிரீஸுக்கு வெளியே நின்றது இவர், ரன் அவுட். அப்புறம் பவுலிங்கில் ஒரே ஒரு ஓவர், அதில் 13 ரன். அதோடு ஓரம் கட்டிவிட்டார்கள். கடைசி ஓவருக்கு 11 ரன் தேவை என்று வந்தபோது வேறு ஆள் இல்லாமல் திரும்ப இவரிடமே பந்து. முதல் பந்தில் ஸ்டோய்னிஸ் எல்பிடபிள்யூ. அடுத்ததில் ரெண்டு ரன். மூன்றாவது பந்தில் ஜாம்பா போல்டு. மேட்ச் முடிந்தது, 8 ரன்னில் ஜெயித்தோம். அன்று கோலி 116, அதனால் தலைப்புச் செய்தி கோலி. அதைக் குறை சொல்லவில்லை, நானும் கோலி ரசிகன்தான்.

அப்புறம் 2019 உலகக் கோப்பை, "த்ரீ டைமன்ஷன்" கிண்டல். பேட்டிங், பவுலிங், ஃபீல்டிங் மூன்றும் வரும் என்று இவரை எடுத்ததற்குச் சொன்ன காரணம் அது. அந்த வார்த்தையைச் சொன்னவர் செலக்டர். மீம் வாங்கியவர் இவர். மான்செஸ்டரில் பாகிஸ்தானோடு புவனேஷ்வர் பாதி ஓவரில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியேற, மிச்ச ரெண்டு பந்தைப் போட வந்து முதல் பந்திலேயே இமாம் உல் ஹக்கைத் தூக்கினார். மூன்று மேட்ச், 58 ரன், ரெண்டு விக்கெட். கால் விரலில் அடிபட்டு ஊர் திரும்பினார். இந்தியாவுக்கு ஆடியது அதோடு சரி.

2023 ஐபிஎல்லில் கொல்கத்தாவோடு 24 பந்தில் 63 அடித்தார். அதே மேட்சில்தான் ரிங்கு சிங் கடைசி ஓவரில் அஞ்சு சிக்ஸர் விளாசினார். இப்போது சொல்லுங்கள், அந்த 63 உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

கமெண்டில் யாராவது கேட்பீர்கள், "2025ல் சேப்பாக்கத்தில் 54 பந்தில் 69 அடிச்சாரே, இவ்வளவு மெதுவா, அது என்ன ஆட்டம்?" என்று. உண்மை. நானே டிவி முன்னால் உட்கார்ந்து திட்டினேன். அவர் செய்ததெல்லாம் சரி என்று வக்காலத்து வாங்க வரவில்லை. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்களே, அதைத்தான் சொல்கிறேன். பேட்ஸ்மேன் பந்து போட வேண்டாம், பவுலர் டக் அவுட் ஆனால் யாரும் கேட்கப்போவதில்லை. இவர் ஒன்றில் ஜெயித்தாலும் இன்னொன்றுக்குத் திட்டு உண்டு. கடைசியில் 2025ல் தமிழ்நாட்டை விட்டுத் திரிபுராவுக்கே ஆடப் போய்விட்டார்.

அஸ்வின், ஜடேஜா இல்லையா என்றால், அவர்கள் கதை வேறு. அஸ்வின் ஆறு டெஸ்ட் சதம் அடித்தவர்தான். ஆனால் டீமில் இடம் கிடைத்தது பவுலிங்குக்கு. ஒரு காலை அழுத்தமாக ஊன்றிக்கொண்டு இன்னொரு காலை நீட்டினார். ரெண்டு காலையும் பாதி பாதி ஊன்றியவர்களைத்தான் முதலில் தள்ளுகிறார்கள். இதில் 2023லிருந்து ஐபிஎல்லில், மேட்ச் நடுவே ஒரு ஆளை மாற்றிக்கொள்ள விடும் இம்பாக்ட் பிளேயர் விதி வேறு. பேட்டிங்குக்கு ஒரு ஆள், பவுலிங்குக்கு ஒரு ஆள் என்று மாற்றிக்கொள்ளலாம் என்றால் ரெண்டும் அரைகுறையாகச் செய்கிறவன் எதற்கு? ஷிவம் துபே, வாஷிங்டன் சுந்தர் போன்றவர்களுக்குப் பந்து போடவே வாய்ப்பு இல்லை என்று ரோஹித் சர்மாவே சொன்னார்.

சரி, ஃபாரத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி களி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்: "பவுலர்னு போடுடா. உன் பந்து நல்லா உள்ளே வருது. பேட்டிங்க அப்புறம் காட்டிக்கலாம்."

கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "பவுலர்னு போட்டா அங்க எனக்கு பேட்டே குடுக்க மாட்டாங்களே மாமா" என்றான்.

ஃபாரம் ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.