அப்பா வந்தாரா என்று கேட்ட பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை

போன சனிக்கிழமை எங்கள் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு நான் போட்ட "ரெயில்வே சில்ட்ரன்" என்ற பழைய ஆங்கிலப் படத்தை இடையில் நிற்பாட்டியதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களும் வட்சப் குழுவில் பார்த்திருப்பீர்கள். ஐந்து நாள் பொறுத்தேன். நேற்று இரவு அதே குழுவில், "வெள்ளைக்காரப் பிள்ளையளின்ர பழைய படத்தைப் போட்டு எங்கட பிள்ளையளை நித்திரையாக்கப் பார்த்தவ" என்று ஒருவர் எழுத, கீழே 11 பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் என் வீட்டில் இருந்து சாப்பிட்டவர்கள். இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

முதலில் ஒன்று. அந்தப் படம் என்னுடையது. நான் இரவல் வாங்கி வைத்திருக்கும் ஏக்கம் இல்லை அது. 1986 இல் எட்டு வயதில் லண்டன் ஈஸ்ட்ஹாமுக்கு வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்ந்தாள். அதை "வெள்ளைக்காரற்ற" என்று எடுத்துக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

நடந்ததையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், குழுவில் வேறு மாதிரித்தான் ஓடுகிறது. படம் தெரிவு செய்யச் சொல்லி என்னிடம் கேட்டது மண்டப நிர்வாகம்தான். நான் எடுத்துப் போனது "ரெயில்வே சில்ட்ரன்". 1970 இல் வந்தது. நடிகராக இருந்த லயனல் ஜெஃப்ரீஸ் இயக்கிய முதல் படம். படம் தொடங்கி 20 நிமிடம்கூட ஆகவில்லை. தாயும் மூன்று பிள்ளைகளும் லண்டன் வீட்டை விட்டு, இரவில் யோர்க்‌ஷயரில் யாருமில்லாத ஒரு வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். அந்த இடத்தில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணா ஒருவர் வந்து, "தங்கச்சி, இது எங்கட பிள்ளையளுக்குச் சரிவராது, குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லி நிற்பாட்டினார். பிறகு யாரோ தொலைபேசியிலிருந்து ஒரு கார்ட்டூனைப் போட்டார்கள். நான் குறை நினைக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் கதிரைகளை அடுக்கினேன். இப்போது சொல்கிறேன், நினைத்தேன்.

"எங்கட பிள்ளையளுக்கு என்ன சம்பந்தம்" என்று கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்திருக்கிறீர்கள்? ஒரு வீட்டுக்கு இரவில் இரண்டு பேர் வருகிறார்கள். தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது. தாய் சொல்லவும் மாட்டாள். அரச இரகசியத்தை விற்றார் என்று பொய்க் குற்றம் சாட்டி அவரைச் சிறையில் போட்டிருக்கிறார்கள் என்பது, பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பார்த்துத்தான் மூத்த மகள் பொபிக்குத் தெரியவருகிறது. இது எங்களுக்குச் சம்பந்தமில்லாத கதையா? 1984 இல் எங்கள் அப்பாவையும் இரவில்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து மாதம். "அப்பா கொழும்பில வேலையா நிக்கிறார்" என்று அம்மா எங்களிடம் சொன்னார். நான் நம்பினேன். என் அண்ணா நம்பவில்லை, ஆனால் எனக்குச் சொல்லவும் இல்லை.

அந்தப் படத்தில் ஒரு ரஷ்யர் வருவார். புத்தகம் எழுதியதற்காகச் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, தப்பி, மனைவியையும் பிள்ளையையும் தேடி இங்கிலாந்துக்கு வந்தவர். ஸ்டேசனில் சுகமில்லாமல் நிற்கிறார். அவர் பேசுவது அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. பிள்ளைகளின் தாய் பிரெஞ்சில் கதைத்துப் பார்த்து, வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைக்கிறாள். அகதி ஒருவரை வீட்டுக்குள் எடுத்து வைத்துப் பார்க்கும் குடும்பத்தின் கதை இது. எங்கள் மண்டபத்தில், எங்கள் பிள்ளைகளுக்கு முன்னால், இதைத்தான் நிற்பாட்டினீர்கள்.

டெக் காலத்துப் பிள்ளைகளுக்கு, வீடியோ கசெற் போட்டுப் பார்க்கும் பெட்டியைத்தான் டெக் என்போம், நான் சொல்வது விளங்கும். அப்பா பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. பழைய டெக் ஒன்றை 40 பவுணுக்கு யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் ஆட்கள் அப்போது படக் கொப்பி என்றால் தமிழ்ப் படக் கொப்பிதான் எடுப்பார்கள். வெள்ளி பின்னேரம் கடையில் வரிசை நிற்கும். எங்கள் வீட்டுக்கும் அவை வந்தன. ஆனால் அப்பா வேலைக்குப் போகமுதல் ரீவிப் பத்திரிகையைப் பார்த்து, பிள்ளைகள் படம் ஏதும் இருந்தால் டைமர் வைத்துவிட்டுப் போவார். மூன்று மணித்தியாலக் கசெற், ஈ-180. நாடாவை மெதுவாக ஓட விடும் லோங் பிளேயில் போட்டால் ஆறு மணித்தியாலம் பிடிக்கும், படம் கொஞ்சம் மங்கும். ஒரு நத்தார் விடுமுறையில் பிடித்ததுதான் "ரெயில்வே சில்ட்ரன்". அதன் மேல் வேறு எதையும் பதியக் கூடாது என்று கசெற்றின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டைக் கத்தி நுனியால் உடைத்தார். அதை உடைத்துவிட்டால் ரெக்கோர்ட் பட்டன் வேலை செய்யாது. லேபிளில் அவருடைய சரிந்த கையெழுத்து: "பிள்ளையளின்ர படம். அழிக்கக் கூடாது."

எத்தனை தரம் பார்த்தோம் என்று கணக்கில்லை. தொடங்கி முடியும்வரை வசனம் பாடம். என் முதல் ஆங்கிலம் அதுதான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒருவரும் கதைக்காத அந்த முதல் வருடத்தில், பொபிதான் என்னோடு கதைத்தாள்.

அப்பா எங்களோடு இருந்து பார்த்தால், பேர்க்ஸ் வரும் இடத்துக்குத்தான் எழும்பி நிமிர்ந்து இருப்பார். பேர்னாட் கிரிபின்ஸ் நடித்த அந்த ஸ்டேசன் ஊழியர். ஊரெல்லாம் சேர்த்து அவருக்குப் பிறந்தநாள் பரிசு கொண்டுவருகிறார்கள் பிள்ளைகள். அவர் சந்தோசப்படாமல் கோபப்படுவார். பிச்சை போட வந்தீர்களா என்று. அந்த வருடம் எங்களுக்கு யாரோ பழைய குளிர்க் கோட்டுகள் ஒரு பை நிறையக் கொடுத்திருந்தார்கள். அப்பா அதைத் தொடவில்லை. "அவன் சரியாத்தான் கதைக்கிறான்" என்று திரையைப் பார்த்துச் சொல்வார். பிறகு பொபி, ஒவ்வொருவரும் பேர்க்ஸைப் பற்றி என்ன சொல்லித் தந்தார்கள் என்று வாசிப்பாள். அவர் இளகுவார். அப்பா எழும்பித் தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். "ஹியூ அண்ட் கிரை" என்று 1947 இல் வந்த படம். போர் முடிந்த கையோடு, குண்டு விழுந்து கிடந்த லண்டனில் எடுத்தது. பெடியள் உடைந்த சுவர்களுக்கு இடையில் ஓடுகிறார்கள், ஒளிக்கிறார்கள், கள்ளரைப் பிடிக்கிறார்கள். அண்ணாவுக்கு அப்போது 11 வயது. பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பி, "இங்கயும் பொம்மர் வந்ததோ?" என்று கேட்டான். "வந்தது" என்றார் அப்பா. "அப்ப இவையும் பங்கர் வெட்டினவையோ?" வெட்டினார்கள் என்றார். அதற்குப் பிறகு அண்ணா அந்த ஊரோடு கோபிக்கவில்லை. நான் சோடித்துச் சொல்லவில்லை. அதுவரை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதவன், அதற்குப் பிறகு போனான்.

சரி, நீங்கள் சொல்வதற்கு வருகிறேன். "காலனி ஏக்கம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெரிய சொல். அந்தக் காலத்துப் படங்களில் எங்கள் நிறத்தில் பிள்ளைகளைக் காண்பது அரிது என்பது உண்மை. மறுக்கவில்லை. சின்ன வயதிலேயே கவனித்தேன், எனக்கு வலித்தும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிப் படத்தை மூடச் சொல்பவர், அதற்குப் பதிலாகப் போட்ட கார்ட்டூனில் எங்கள் பிள்ளை யாரைக் கண்டார்? அதையும் சொல்லிவிடுங்கள்.

"மெதுவான படம், இந்தக் காலத்துப் பிள்ளையள் இருக்காதுகள்." இதைத்தான் நிறையப் பேர் சொல்கிறீர்கள். பிள்ளைகள் என்ன பார்ப்பார்கள் என்பதை ஊகித்துச் சொல்லாமல், உட்கார்ந்து பார்த்துச் சொன்ன ஒரு பெண் இருந்தார். மேரி ஃபீல்ட். 1951 இல் தொடங்கிய பிள்ளைகள் திரைப்பட நிறுவனத்தை, சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேசன் என்பார்களே, அதை முதலில் நடத்தியவர். இருட்டுக் கொட்டகைக்குள் படம் பார்க்கும் பிள்ளைகளின் முகங்களை அகச்சிவப்பு ஒளியில் புகைப்படம் எடுத்து, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே பயப்படுகிறார்கள், எங்கே சலிக்கிறார்கள் என்று படித்தார். சனிக்கிழமை காலைக் காட்சிகளுக்குச் சில்லறைக் காசோடு வரும் பிள்ளைகளுக்காக, ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் படங்கள். பெரியவர்கள் வாங்கும் சினிமா ரிக்கற்றில் ஈடி வரி என்று ஒரு சிறு பங்கு எடுப்பார்கள். அதிலிருந்துதான் இந்தப் படங்களுக்குக் காசு போனது. பெரியவர்கள் படம் பார்த்த காசில் பிள்ளைகளுக்குப் படம் எடுத்த நாடு! 1985 இல் அந்த வரியை நிற்பாட்டினார்கள், அதோடு இதுவும் ஒடுங்கிப் போனது. எண்பதுகளில் அந்தப் படங்களைப் பிபிசி வெள்ளி பின்னேரங்களில் போடும். நானும் அண்ணாவும் பள்ளிக்கூடத்தால் ஓடி வருவோம்.

2012 இலிருந்து பிஎஃப்ஐ, பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம், அவற்றைத் துப்புரவாக்கி டிவிடியாகப் போடத் தொடங்கியது. முதல் தொகுப்பில் "சல்வேஜ் காங்" என்று 1958 படம் ஒன்று. ஒரு பெடியன் தகப்பனுடைய வாளை, மரம் அரிகிற வாளை, உடைத்துவிடுகிறான். புதிது வாங்கக் காசு வேண்டும். கூட்டாளிகள் சேர்ந்து வேலை தேடி லண்டன் முழுக்க அலைகிறார்கள். பழைய இரும்பு என்று நினைத்து யாருடையவோ கட்டிலை விற்றும் விடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. என் மகன் ஒன்பது வயதில் அதை அசையாமல் இருந்து பார்த்தான். இந்தக் காலத்துப் பிள்ளைதான் அவனும். கையில் ஐபேட் வைத்திருக்கும் பிள்ளைதான்.

"ரெயில் பாதையில பிள்ளையள் ஓடுற படம், ஆபத்து" என்று ஒரு அக்கா. அக்கா, அந்தப் படத்தைப் பற்றித் திரைப்பட வகைப்படுத்தல் சபைக்கு இதே முறைப்பாடு ஒருவர் செய்திருக்கிறார், படம் வந்து 40 வருடத்துக்குப் பிறகு. அதுதான் அவர்களுக்கு வந்த முதல் முறைப்பாடு. மண் சரிந்து கிடக்கிறது, ரெயில் வருகிறது, பிள்ளைகள் சிவப்பு உள்பாவாடையைக் கிழித்துக் கொடியாக ஆட்டி ரெயிலை நிற்பாட்டுகிறார்கள். பொபி கடைசிவரை விலகாமல் நின்று மயங்கி விழுகிறாள். எங்கள் பெட்டைகள் இதைப் பார்க்கக் கூடாதா?

"தமிழ்ப் படம் போட்டிருக்கலாமே." போடுங்கள். யார் வேண்டாம் என்றது? பத்து வயதுப் பிள்ளைக்கென்று எடுத்த தமிழ்ப் படங்களைக் கொண்டுவாருங்கள், முன் வரிசையில் நான் இருப்பேன்.

படத்தை நிற்பாட்டியதை நான் விழுங்கியிருப்பேன். உண்மையாகச் சொல்கிறேன். விழுங்க முடியாதது மற்றது. அதைக் குழுவில் ஒருவரும் எழுதவில்லை.

படம் ஓடியது டிவிடியில். ஆனால் நான் அப்பாவின் கசெற்றுகள் ஆறையும் கொண்டுபோய் மேசையில் வைத்திருந்தேன், முன்பு எப்படிப் பார்த்தோம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட. இரண்டு மூன்று பெடியள் தொட்டுப் பார்த்தார்கள். "அன்ரி, இதுக்குள்ள படம் இருக்கா?" என்று கேட்டார்கள். நான் கதிரை அடுக்கி, குசினியில் கோப்பை கழுவிவிட்டு வரும்போது மேசை வெறுமையாக இருந்தது. பேப்பர்ப் பிளேட்டுகள், வடைத் துண்டுகளோடு சேர்த்துக் கறுப்புப் பைக்குள் போட்டுக் கட்டி வெளியே வைத்திருந்தார்கள். மழை. நான் பையைக் கிழித்து எடுத்தேன். ஐந்து கிடைத்தது. "அழிக்கக் கூடாது" என்று எழுதிய கசெற்றில் சாம்பார் ஊறி, அந்த எழுத்துப் பாதி போய்விட்டது. ஆறாவதை இன்னும் காணவில்லை.

தெரியாமல் நடந்தது என்று சொல்வீர்கள். நம்புகிறேன். பழைய சாமான் என்று நினைத்திருப்பார்கள். அதைத்தானே நான் இவ்வளவு நேரமும் சொல்கிறேன்! உங்களுக்கு அது பழைய சாமான், வெள்ளைக்காரன் விட்டுப்போனது. அப்பா போய் ஒன்பது வருடம். இரவு வேலைக்குப் போகமுதல், கோட்டைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து டைமர் வைத்த மனிசனின் கையெழுத்து அது. என் பிள்ளைப்பருவம் அந்தக் கசெற்றுக்குள்தான் இருக்கிறது. இனி ஓட்ட டெக் இல்லாவிட்டாலும்.

ஓக்வேர்த் ஸ்டேசனுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போயிருக்கிறேன். கீத்லிக்குப் பக்கத்தில். 1962 இல் மூடிய பாதையை ஊர்ச்சனமே சேர்ந்து 1968 இல் திரும்ப ஓட வைத்தது. படத்தில் வரும் ஸ்டேசன் அதுதான், இன்னும் வாயு விளக்குகளோடு இருக்கிறது. ரெயில் வந்து, புகை மேடையை மூடிய நேரம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் கதைக்கவில்லை. படத்தின் கடைசியில் அந்தப் புகைக்குள்ளிருந்துதான் தகப்பன் வருவார். பொபி ஓடுவாள். எங்கள் வீட்டுப் படலையில் அப்பா வந்து நின்ற அன்று நானும் அப்படித்தான் ஓடினேன்.

சனிக்கிழமை நான் கிழிந்த பையோடு நிற்கும்போது, ஆறேழு வயதிருக்கும், ஒரு பெண்பிள்ளை சப்பாத்தைப் போட்டுக்கொண்டே வந்து கேட்டது: "அன்ரி, அவேன்ர அப்பா திரும்பி வந்தவரோ?" அந்தப் பிள்ளை நித்திரை கொள்ளவில்லை. 20 நிமிடம் பார்த்து, அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனது. நான் பதில் சொல்லவில்லை.

வரும் ஞாயிறு பின்னேரம் 3 மணிக்கு என் வீட்டில் முழுப் படத்தையும் போடுகிறேன். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குச் செய்தி அனுப்பியாயிற்று, வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாரும் பிள்ளைகளைக் கூட்டிவருவதென்றால் வாருங்கள். சிரித்த முகம் போட்டவர்களும் வரலாம். ஆறாவது கசெற் யாருடைய காரிலோ, பையிலோ இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். நீல உறை. லேபிளில் தமிழில் எழுதியிருக்கும்.