ஓய்வும் பயிற்சிக் கணக்கில் சேர வேண்டும்

பக்கவாதத்திலிருந்து தேறி நான் வீடு திரும்பியபோது மருத்துவமனையில் தந்த தாளில் பதினொரு பயிற்சிகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எப்போது நிறுத்த வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பார்க்க வந்தவர்களும் "விடாமல் செய்யுங்கள், படுத்துவிட்டால் அப்படியே முடங்கிவிடும்" என்று அக்கறையோடுதான் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அது பாதி உண்மை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதங்கள் பிடித்தன.

பக்கவாதத்துக்குப் பின் வரும் சோர்வு, உழைத்த உடம்பின் களைப்பு அல்ல. களைப்பென்றால் ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். ஒரு நாள் காலை சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். இடது கட்டைவிரலால் பொத்தானைத் துளைக்குள் தள்ளி, அது நழுவி, மறுபடியும் தள்ளி, நான்காவது பொத்தானுக்கு வந்தபோது கையில் வலி எதுவுமில்லை. ஆனால் பக்கத்து அறையில் பேசிக்கொண்டிருந்தவர்களின் சொற்கள் பொருளிழந்து வெறும் ஓசையாகிவிட்டன. பாதி மாட்டிய சட்டையோடு அரை மணி நேரம் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இச்சோர்வு இருக்கிறது. லேசான தாக்குதல்தான் என்று சொல்லப்பட்டவர்களையும் இது விட்டுவைப்பதில்லை. முன்பு தானாக நடந்த அசைவு ஒவ்வொன்றையும் இப்போது கவனம் குவித்துச் செய்ய வேண்டியிருக்கிறது; காலை இழுத்து நடக்கும் நடைக்கும் இயல்பான நடையைவிட அதிக ஆற்றல் செலவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சோம்பலாகத் தெரிவதுதான் கொடுமை.

நான் செய்த தவறு, நல்ல நாட்களை நம்பியது. உடம்பு தெம்பாக இருந்த ஒரு மாலையில் நாற்பது நிமிடம் நடந்தேன். அடுத்த இரண்டு நாட்கள் எழுந்திருக்கவே முடியவில்லை, மூன்றாம் நாள் பாதம் தரையில் தட்டி விழப் பார்த்தேன். என் பிசியோதெரபிஸ்ட் என்னைத் திட்டவில்லை. ஒரு குறிப்பேட்டில், செய்த பயிற்சியை எழுதி, அதற்கு எதிரே மறுநாள் எப்படி இருந்தது என்பதையும் எழுதச் சொன்னார். இரண்டே வாரத்தில் எனக்கு விளங்கிவிட்டது: பயிற்சியின் அளவு சரியா என்பதை அன்றைய உற்சாகம் சொல்லாது, மறுநாள் காலைதான் சொல்லும்.

2015ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான அவெர்ட் என்ற ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. 5 நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில், தாக்குதலுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள்ளேயே படுக்கையிலிருந்து எழுப்பி அதிக அளவில் பயிற்சி தரப்பட்டவர்களைவிட, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களே மூன்று மாத முடிவில் சற்று மேலான நிலையில் இருந்தார்கள். அது தொடக்க நாட்களைப் பற்றிய ஆய்வு. என்னைப் போல் மாதங்கள் கடந்தவர்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் "எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்ற நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

இதை வைத்துப் படுத்தே கிடக்கலாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். அசையாத உடம்பில் தசை கரையும், இதயத்தின் தாங்குதிறன் குறையும், பிறகு குளிப்பதே பெரிய வேலையாகிச் சோர்வு இன்னும் கூடும். நான் இப்போது பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்து நடக்கிறேன். பேச முடிகிற அளவுக்கே மூச்சு வாங்க விடுகிறேன். நாடித்துடிப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் நான் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அதை ஏற விடாது. முக்கியமாக, களைத்துப்போன பிறகு படுப்பதில்லை. களைப்பு வருமுன்பே, கடிகாரத்தைப் பார்த்து, அறையை இருட்டாக்கிப் படுத்துவிடுகிறேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுப்பது ஓய்வில் சேராது.

சோர்வு குறையவே இல்லையென்றால் இரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மாத்திரைகளின் விளைவு ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துவிடுங்கள். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கை திடீரென்று தொங்கிப்போவது ஆகியவை சோர்வின் கணக்கில் வராதவை. அப்போது ஓய்வெடுத்துப் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.