ஐ-140 ஒப்புதல் என்பது கிரீன் கார்டு அல்ல
"அமெரிக்காவில் தேசிய நலன் விலக்கு மனு ஏற்கப்பட்டால் ஆராய்ச்சியாளருக்கு கிரீன் கார்டு கிடைத்த மாதிரிதான்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. இந்த விலக்கு இருந்தால், வேலை தரும் நிறுவனம் இல்லாமலே ஐ-140 என்ற வேலைவழிக் குடியேற்ற மனுவை நாமே போடலாம். விலக்கு கிடைக்க, 2016 தனசார் வழக்கு வகுத்த மூன்று அளவுகோல்களில் தேற வேண்டும். சரி, தேறியாச்சு. அப்புறமும் கிரீன் கார்டுக்கு வரிசை இருக்கிறது. ஆண்டுதோறும் தரும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால், இந்தியாவில் பிறந்தவர்கள் இந்த மனு சேரும் இபி-2 பிரிவில் (உயர்பட்டம் அல்லது தனித்திறன் உள்ளவர்களுக்கானது) பத்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறார்கள். கனடா குடியுரிமை வாங்கினாலும் மாறாது. பிறந்த நாடுதான் கணக்கு. வாழ்க்கைத்துணை வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டு வரிசையில் சேரலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. ஒப்புதல் கடிதத்தை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அது மட்டும் தங்கும் உரிமையும் தராது, வேலை அனுமதியும் தராது.